ஆறு புள்ளி நான்கு

ஒன்பது மணிக்கு நான் பார்த்தபோது லோஷினியின் எண் 6.4. ஒன்பதேகாலுக்குப் பார்த்தேன், அப்போதும் 6.4. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

லோஷினி என் மகள். பதினான்கு வயது. ஒன்பது வயதில் அவளுக்கு இனிப்பு நீர் வந்தது. பெரியவர்களுக்கு வருகிற மாதிரி இல்லை, சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற வகை. ஊசி இல்லாமல் ஒரு நாள் தாங்காது. அந்த ஊசி கொஞ்சம் கூடினாலும், சாப்பாடு கொஞ்சம் குறைந்தாலும், ஓடினாலும் ஆடினாலும் ரத்தத்தில் சர்க்கரை மடமடவென்று இறங்கும். நான்குக்குக் கீழே போனால் கை நடுங்கும். மூன்றுக்குக் கீழே போனால் புத்தி தடுமாறும். அதற்கும் கீழே போனால் மயக்கம். அதற்கும் கீழே என்ன என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், நான் சொல்ல மாட்டேன்.

அவள் மேல்கையில் ஐம்பது காசு அகலத்துக்கு ஒரு சென்சர் ஒட்டியிருக்கும். அது அவள் போனுக்குச் சொல்லும், அவள் போன் என் போனுக்குச் சொல்லும். செனாயில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவளின் ரத்தத்தை நான் பக்கத்து ஊர் ஸ்கூடாயில், வேலை பார்க்கும் போட்டோஸ்டேட் கடையில் நின்றுகொண்டு பார்ப்பேன். எண் ஐந்துக்குக் கீழே இறங்கினால் என் போன் அலறும். உடனே அவளைக் கூப்பிடுவேன். "மிட்டாய் போட்டுக்கோ" என்பேன். "போட்டுக்கிட்டேன்மா" என்பாள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சில நாள் ஐந்து தடவை. டாக்டர் கடிதம் கொடுத்ததால் பள்ளியிலும் அவள் போன் வைத்துக்கொள்ள விட்டார்கள்.

அன்று சனிக்கிழமை. பள்ளியில் மெரெந்தாஸ் டேசா, நம் ஆட்கள் குறுக்கோட்டம் என்பார்களே, அது. நாலு கிலோமீட்டர். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடிப்போய்ச் சுற்றிக்கொண்டு திரும்பி வரவேண்டும். ஒவ்வொரு வருஷமும் நான் முடியாது என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். இந்த வருஷம் அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "எல்லாரும் ஓடுறாங்க. நான் மட்டும் தண்ணி போத்தலுக்குக் காவல் உக்காரணுமா?" என்று கேட்டாள். மனசு கேட்கவில்லை. போனை இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு ஓடு, பத்து மிட்டாய் வைத்துக்கொள், நான் இங்கிருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். விரலைக் குத்திப் பார்க்கிற பழைய மிஷினையும் எடுத்துப் போகட்டுமா என்று கேட்டாள். "அந்த டப்பா எதுக்கு? போன் போதும்" என்றது நான்தான்.

எங்கள் கடை முதலாளி லியாக்கத் அலிக்கு இந்த ஆப் பிடிக்காது. ஆப் என்று இல்லை, மாசாமாசம் காசு கட்டுகிற எதுவும் பிடிக்காது. கடையில் இருக்கும் டிசைன் மென்பொருள் அவர் 2009இல் பெட்டியோடு வாங்கியது. அதற்கென்றே ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரை இண்டர்நெட் கொடுக்காமல் தனியாக வைத்திருக்கிறார், எங்கே அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு காசு கேட்குமோ என்று. மாணவர்கள் புது வடிவத்தில் ஃபைல் கொண்டுவந்தால் அது திறக்காது. திட்டு வாங்குவது நான்.

"ஏம்மா, வாங்குனா வாங்குனதா இருக்கணும். மாசாமாசம் கட்டுனா அது வாடகை. ஒரு மாசம் தவறுனா சாமானைத் தூக்கி ரோட்டுல வெச்சிருவான்" என்பார்.

"வாடகை வீடுன்னா கொழாய் ஒடைஞ்சா வீட்டுக்காரன் வந்து பாக்கணும்ல மொதலாளி? ஒங்க வீட்டுக் கொழாய் பதினஞ்சு வருசமா ஒழுகுது" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

உண்மையைச் சொன்னால் எங்கள் ஆப்பும் முதலில் வாங்கினதுதான். மூன்று வருஷத்துக்கு முன் நூற்றிருபது சிங்கப்பூர் வெள்ளி, ஆயுளுக்கும் செல்லும் என்று போட்டிருந்தான். போன வருஷம் ஒரு நாள், பழையது இனி ஓடாது, இனிமேல் மாதம் பதினெட்டு வெள்ளி என்று சொல்லிவிட்டான். யாருடைய ஆயுளுக்கு என்று நான் எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. ஆனால் புதியதில் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று வரைபடத்தில் காட்டியது. அலாரம் இன்னும் சத்தமாக இருந்தது. சரி, நல்லதுக்குத்தானே என்று கட்டினோம். கட்டினோம் என்றால் என் வீட்டுக்காரர் கட்டினார்.

அவர் பெயர் ரூபேந்திரன். சிங்கப்பூரில் கண்டெய்னர் துறைமுகத்தில் வேலை. அதிகாலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எல்லைப் பாலத்துக்குப் போனால் ராத்திரி எட்டுக்குத்தான் வருவார். எங்கள் தாமான் குடியிருப்பில் பாதி வீடு இப்படித்தான். அதனால் எங்களுக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் எது முக்கியமோ அது சிங்கப்பூர் நம்பரில் இருக்கும், சிங்கப்பூர் கார்டில் இருக்கும். அவர்கள் ஒரு வெள்ளிக்கு நம் மலேசியா வெள்ளி மூன்றுக்கு மேல் கிடைக்கிற பக்கம் அல்லவா, அந்தப் பக்கத்தில் பதிந்தால் எதுவும் தவறாது என்று ஒரு நம்பிக்கை. இந்த ஆப்பும் சிங்கப்பூர் ஸ்டோரில்தான் கிடைத்தது. கணக்கு அவர் பெயரில், கார்டு அவருடையது, எதை மாற்றினாலும் ரகசிய எண் அவருடைய அந்தப் பக்கத்துப் போனுக்குத்தான் போகும். எனக்கும் லோஷினிக்கும் பார்க்க மட்டும்தான் அனுமதி.

ஒன்பது இருபத்தைந்துக்கு மூன்றாவது தடவை போனைப் பார்த்தேன். 6.4. பக்கத்தில் அம்புக்குறி நேராகப் படுத்திருந்தது.

"பாத்தீங்களா மொதலாளி? எம்பொண்ணு ஓடுறா, சக்கர ஆடல அசையல" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. ஓடுகிற பிள்ளைக்கு எப்படி எண் அசையாமல் நிற்கும்? ஒரு மாடி ஏறினாலே இவளுக்கு அரைப் புள்ளி இறங்குமே.

திரையை விரலால் தொட்டேன். எண் மறைந்தது. வெள்ளையாக ஒரு சட்டம் வந்தது. உங்கள் மாதத் திட்டம் முடிந்துவிட்டது, நேரடி எண், எச்சரிக்கை, இருப்பிடம் ஆகியவற்றுக்குத் தயவுசெய்து புதுப்பியுங்கள் என்று ஆங்கிலத்தில் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே, எறும்பு மாதிரி எழுத்தில், கடைசியாகப் பெற்ற அளவு காலை 8.05.

ஓட்டம் ஆரம்பித்ததே எட்டரைக்கு.

நான் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தது என் பிள்ளை வரிசையில் நின்று கொட்டாவி விட்ட நேரத்து எண். அதற்குப் பிறகு அவள் ரத்தத்தில் என்ன நடந்தது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஐயோ என்று கத்திவிட்டேன். தீசிஸ் பைண்ட் செய்ய வந்திருந்த பையன் இரண்டு அடி பின்னால் போனான்.

லோஷினியைக் கூப்பிட்டேன். மணி அடித்தது. அடித்து அடித்து நின்றது. மறுபடியும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. என் பிள்ளை என் போனை எடுக்காமல் விட்டதே இல்லை. பரீட்சை மண்டபத்தில்கூட எடுத்திருக்கிறாள்.

அவளுடைய டீச்சரை, இங்கே சிக்கு என்போம், சிக்கு பிரவீனாவைக் கூப்பிட்டேன். பின்னால் ஒலிபெருக்கியும் கைதட்டலும் கேட்டன.

"சிக்கு, லோஷினி வந்துட்டாளா?"

"இன்னும் இல்ல மேடம். வந்துக்கிட்டே இருக்காங்க. ஏன், நம்பர் ஏறங்கிடுச்சா?"

"நம்பர் தெரியல சிக்கு! ஆப்பு நின்னுபோச்சு! எங்க இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க, தயவுசெஞ்சு!"

வழியில் நிற்கிற ஆசிரியர்களிடம் அவர் கேட்டார். எனக்கு அந்த ஒரு நிமிஷம் ஒரு யுகம். கடக்கிற ஒவ்வொரு இடத்திலும் பிள்ளைகளுக்கு ஒரு ரப்பர் பேண்ட் கொடுப்பார்கள், பெயரைக் குறித்துக்கொள்வார்கள்.

"மேடம், ரெண்டாவது எடத்துல ரப்பர் பேண்ட் வாங்கியிருக்கா. எட்டு அம்பத்தஞ்சுக்கு. மூணாவது எடத்துல…" அவர் குரல் மெலிந்தது. "மூணாவது எடத்துல பேர் இல்ல."

"நடுவுல எவ்ளோ தூரம்?"

"ஒரு கிலோமீட்டர் இருக்கும். நான் ஆள அனுப்புறேன் மேடம். நானும் போறேன்."

ஒரு கிலோமீட்டர். முப்பத்தைந்து நிமிஷம். தவழ்ந்து போனால்கூட வந்து சேர்ந்திருக்கலாம்.

லியாக்கத் அலி வேன் சாவியை எடுத்துவிட்டார். கடையில் நாலு பேர் நின்றார்கள். "கட மூடியாச்சு, எல்லாரும் வெளிய போங்க" என்று விரட்டி ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு, "ஏறும்மா" என்றார்.

நெடுஞ்சாலையில் ஏறின உடனே ஜாம். சனிக்கிழமை ஸ்கூடாயில் வேறு என்ன இருக்கும்? மூன்று வரிசையும் அசையாமல் நின்றது. நான் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். புதுப்பித்தால் வரைபடம் திறக்கும். வரைபடம் திறந்தால் அவள் எந்த மரத்தடியில் கிடக்கிறாள் என்று தெரியும். பதினெட்டு வெள்ளி. என் பர்ஸிலேயே இருக்கிறது. என் கார்டு எண்ணைப் போட்டேன். இந்தக் கணக்கின் நாடு சிங்கப்பூர், அந்த நாட்டுக் கார்டு வேண்டும் என்றது.

"இந்தா, என்னோடது போடு" என்று லியாக்கத் அலி ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தன் கார்டை நீட்டினார். "மாசம் என்ன, வருசத்துக்கே கட்டு. பத்து வருசத்துக்குக் கட்டு!"

அதையும் வேண்டாம் என்றது. பழைய கார்டையே மறுபடி முயலலாம் என்றது. அழுத்தினேன். 41 என்று முடிகிற எண்ணுக்கு ரகசிய எண் அனுப்பியிருக்கிறோம் என்றது. 41 என் வீட்டுக்காரர். அந்த நம்பரைக் கூப்பிட்டேன். ஒரு பெண் குரல், நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

தப்பாக அழுத்திவிட்டேனோ என்று திரும்பக் கூப்பிட்டேன். உபயோகத்தில் இல்லை. பயத்துக்கு மேலே இன்னொரு பயம் வந்து உட்கார்ந்தது. இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று? காலையில் மோட்டாரில் போனாரே. பாலத்தில் ஏதாவது ஆகிவிட்டதா? ஒரே நாளில் இரண்டு பேரையும் கேட்கிறாயா கடவுளே என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அவருடைய மலேசியா நம்பருக்கு வாட்சப்பில் அடித்தேன். எடுத்தார்.

"என்ன மலர்? வேலையில இருக்கேன். சூப்பர்வைசர் பக்கத்துல நிக்கிறாரு, அப்பறமா…"

அவர் பின்னால் ஒரு சேவல் கூவியது. சிங்கப்பூர் துறைமுகத்தில் சேவல் ஏது? அதைக் கேட்க எனக்கு நேரமில்லை.

"ஆப்பு நின்னுபோச்சு. லோஷினியக் காணோம். ஒங்க சிங்கப்பூர் போனுக்குக் கோட் வந்திருக்கும், அதச் சொல்லுங்க!"

சேவல் மறுபடி கூவியது.

"கோடச் சொல்லுங்க!"

"மலர், அந்த லைன் இல்ல. கட் பண்ணிட்டேன்."

"ஏன்?"

"நான் அங்க இல்ல. வேல போயி ஆறு வாரம் ஆச்சு."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், ஊருக்கே தெரியும். ஆறு வாரம்! நாலு மணிக்கு எழுந்து நான் காப்பி போட்டுக் கொடுத்த ஆறு வாரம். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, பாலத்தில் ஜாம் என்று ராத்திரி அலுத்துக்கொண்ட ஆறு வாரம். அந்தக் கோபம் முழுசும் நெஞ்சுக்குழி வரைக்கும் வந்தது. ஆனால் வாயிலிருந்து வேறுதான் வந்தது.

"இப்ப எங்க இருக்கே நீ?"

"செனாய்ல. பார்சல் போட்டுக்கிட்டு இருக்கேன்."

செனாய்! நான் ஜாமில் நிற்கிறேன், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறார் என்று நான் நினைத்த ஆள் பள்ளிக்கூடத்துக்குப் பத்து நிமிஷ தூரத்தில் நிற்கிறார். அந்தப் பொய்க்கு அவரைக் கொல்லவும் வேண்டும்போல் இருந்தது, காலில் விழவும் வேண்டும்போல் இருந்தது.

"பள்ளிக்குப் பின்னால செம்பனைக் காட்டுல இருக்கா. ரெண்டாவது எடத்துக்கும் மூணாவது எடத்துக்கும் நடுவுல. ஒரு மணி நேரமா நம்பர் தெரியல. போன எடுக்கல. ஓடு! போ!"

"தண்ணித் தொட்டி இருக்கிற பக்கமா?"

"எனக்கென்ன தெரியும்!"

"எனக்குத் தெரியும். பின்பக்கமா மண் ரோடு ஒண்ணு இருக்கு" என்றார். மோட்டார் கிளம்பும் சத்தம் கேட்டது. "டிப்போ எட்டு மணிக்குத்தான் தெறப்பான். அதுவரைக்கும் தாமான் ஆளுங்க கண்ணுல படாம அங்கதான் உக்காந்திருப்பேன்."

லியாக்கத் அலி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஓரத்தில் அவசர வண்டிகளுக்கு விட்டிருக்கும் பாதையில் வேனை இறக்கி ஓட்ட ஆரம்பித்தார். வாய் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது.

போனை நான் வைக்கவில்லை. மோட்டார் சத்தம், காற்று, பிறகு மண்பாதையில் கல் தெறிக்கிற சத்தம். பிறகு மோட்டார் நின்றது. "லோஷி! லோஷி!" என்று அவர் கத்துவது கேட்டது. தூரத்தில் சிக்கு பிரவீனாவோ வேறு யாரோ அதே பெயரைக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை.

"மலர், அவ போனுக்கு அடி. நான் சத்தத்தக் கேக்குறேன்."

"ஒன்கிட்ட பேசிக்கிட்டு எப்படி அடிக்கிறது?"

லியாக்கத் அலி தன் போனை என் மடியில் போட்டார். அதில் அவள் நம்பரை அழுத்தினேன். பத்து எண்ணை அழுத்த மூன்று தடவை தப்பு செய்தேன். மணி போனது.

"கேக்குதா?"

"இல்ல."

நின்றது. மறுபடி அடித்தேன்.

"இப்ப?"

"இல்ல மலர். காத்து அடிக்குது, மட்டை சத்தமா இருக்கு."

மறுபடி அடித்தேன். அவர் நடக்கிற சத்தம், காய்ந்த மட்டை மிதிபடுகிற சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம். எனக்கு மனசுக்குள் ஒரே கணக்கு ஓடியது. எட்டரைக்கு ஓட ஆரம்பித்தாள். எட்டு ஐம்பத்தைந்துக்கு ரப்பர் பேண்ட். இறங்க ஆரம்பித்தால் பத்து நிமிஷத்துக்கு ஒரு புள்ளி. 6.4இல் இருந்து கழித்துக்கொண்டே வந்தேன். இரண்டுக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் கழிக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஐந்தாவது தடவை அடித்தபோது, "இரு, இரு, நிறுத்தாத. கேக்குது" என்றார்.

ஓடினார். மணி எனக்கும் கேட்டது. என் காதில் இருந்த போன் வழியாக அவள் போனின் மணி, முதலில் லேசாக, பிறகு பக்கத்தில்.

"ஐயோ, லோஷி! கண்ணு!"

அதற்குப் பிறகு என் மகளின் குரல் கேட்டது. மிக அமைதியாக, மரியாதையாக, கடைக்கு வந்த ஆளிடம் கேட்பதுபோல.

"யாருங்க நீங்க?"

அப்பாவைப் பார்த்துக் கேட்கிறாள்.

"முழிச்சிருக்கா மலர். கால்வாய் ஓரத்துல உக்காந்திருக்கா. ஒடம்பெல்லாம் நனைஞ்சு கெடக்கு. என்னயத் தெரியல அவளுக்கு." அவர் அழுதுகொண்டே பேசினார்.

"அழுவாத! பையில மிட்டாய் இருக்கு, குடு!"

"மெல்ல மாட்டேங்கிறா. துப்புறா."

"தண்ணியா ஏதாவது இருக்கா? இனிப்பா?"

"மோட்டார்ல சிராப் பண்டோங் மாட்டியிருக்கேன், காலையில வாங்குனது."

"எடுத்துட்டு வா. ஓடு! உக்கார வெச்சே குடு. கொஞ்சம் கொஞ்சமா. முழுங்குறாளான்னு பாத்துட்டு அடுத்த வாய் குடு."

அவர் ஓடிப்போய் வந்தார். ரோஸ் சிரப்பும் பாலும் கலந்து கட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் பை கசங்குகிற சத்தம் கேட்டது. "குடி கண்ணு. கொஞ்சம் குடி" என்றார்.

"முழுங்குறா."

"இன்னொரு வாய்."

"முழுங்குறா மலர்."

முன்னால் போன லாரிக்கு லியாக்கத் அலி ஹார்னை விடாமல் அடித்தார். பத்துப் பதினைந்து வாய் போயிருக்கும். சிக்கு பிரவீனாவின் குரல் பக்கத்தில் கேட்டது, இன்னும் யார் யாரோ வந்துவிட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில், தூக்கத்தில் இருந்து எழுந்த மாதிரி, "அப்பா? நீங்க ஏன் இங்க இருக்கீங்க? வேலைக்குப் போவலையா?" என்று லோஷினி கேட்டாள்.

நான் வேனுக்குள் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். லியாக்கத் அலியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவளைப் பக்கத்து கிளினிக்குக்குக் கொண்டுவந்திருந்தார்கள். வந்த உடனே நர்ஸ் விரலைக் குத்திப் பார்த்தபோது 3.1. அது பண்டோங் குடித்த பிறகு. அதற்கு முன்னால் எவ்வளவு இருந்திருக்கும் என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை. "இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தா" என்று ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ரூபேந்திரன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. நான் பக்கத்தில் போனதும் எழுந்து நின்றார், அடி வாங்கப் போகிறவர் மாதிரி. கைப்பையால் தோளில் இரண்டு போட்டேன். தடுக்கவில்லை.

"மூணு நாளைக்கு முன்னாடி மெயில் வந்துச்சு மலர். கார்டுல காசு இல்லன்னு. திங்கக்கெழம பார்சல் காசு கெடைக்கும், கட்டிரலாம்னு இருந்தேன். உடனே நிறுத்த மாட்டான்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அவள ஓட விட்டிருப்பேனா?"

"சொன்னா வேல போனதும் தெரிஞ்சிரும்ல."

ஆறு வாரமாக இருட்டில் செம்பனை மரத்தடியில் போய் உட்கார்ந்திருந்த மனுஷனை மேலும் என்ன திட்டுவது? திட்ட நிறைய இருந்தது. பிறகு திட்டிக்கொள்ளலாம் என்று உள்ளே போனேன். அவரும் பின்னாலேயே வந்தார்.

லோஷினி படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் களை திரும்பியிருந்தது. தலைமுடியில் செம்பனைத் தூசி. என்னைப் பார்த்ததும், "சாரிம்மா. முடிக்க முடியல" என்றாள்.

"முடிச்சு என்னடி செய்யப் போற? உனக்குத் தெரியவே இல்லையா? கை நடுங்கலையா? வேர்க்கலையா?"

"நடுங்குச்சும்மா. ரெண்டாவது எடத்துலயே நடுங்குச்சு. கண்ணு ரெண்டு ரெண்டா தெரிஞ்சுது."

"அப்ப ஏன் நிக்கல? ஏன் மிட்டாய் போட்டுக்கல? பத்து மிட்டாய் வெச்சிருந்தியே?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். இதுகூடவா புரியவில்லை என்பதுபோல.

"நீங்க கூப்பிடலையேம்மா" என்றாள். "சக்கர எறங்குனா நீங்க கூப்பிடுவீங்கல்ல. போன் அடிக்கல. என் போன்லயும் 6.4ன்னுதான் இருந்துச்சு. அப்ப சக்கர இல்ல, ஓடுறதாலதான் நடுங்குதுன்னு நெனச்சேன். நீங்கதானே சொல்லுவீங்க, ஒனக்குத் தோணுறத நம்பாத, நம்பர நம்புன்னு."

நான்தான் சொல்வேன். ஐந்து வருஷமாக எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பேன். படுக்கை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

ரூபேந்திரன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். சிங்கப்பூரில் இருக்கும் அவருடைய கூட்டாளி குணாளனிடம் சொல்லிப் புதுக் கணக்குத் திறந்து அவன் கார்டில் பணம் கட்டிவிட்டாராம், இப்போது வேலை செய்கிறதாம். அதைச் சொல்லிப் போனை நீட்டினார். நான் வாங்கவில்லை. பிள்ளையின் கையை என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கை சூடாக இருந்தது, நடுக்கம் நின்றிருந்தது.

"அத விடுங்க" என்றேன். "லோஷி, நீ சொல்லு. இப்ப எப்படி இருக்கு ஒனக்கு?"

லோஷினி வாயைத் திறந்தாள். பதில் சொல்வதற்கு முன்னால் திரும்பி, அவள் அப்பா கையில் இருந்த போனைப் பார்த்தாள்.